நாற்பது மில்லிமீட்டர்

அடப்பாறு கடலைத் தொடுமுன்
கடைசியாக ஒரு ரெகுலேட்டர்.
ஏழு கண்.
ஆறு ஷட்டர் ஏறும், இறங்கும்.
நாலாவது ஒரு சாண் தூக்கலாக நின்றுபோனது.
லஸ்கர் வைரக்கண்ணு அதற்கு
'மாப்பிள்ளை' என்று பேர் வைத்திருக்கிறார்.

ஃபைபர் படகில் நின்று
தூணைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போகிறேன்.
கணீர். கணீர். கணீர்.
பொத்.
பலாப்பழம் வாங்குகிறவன் தட்டுகிற தட்டுதான்.
வாங்கத்தான் இங்கே ஒன்றுமில்லை.

எப்போதும் தண்ணீருக்குள் கிடக்கிற அடித்தூண்
நன்றாகத்தான் இருக்கிறது.
உச்சியில் வெயில் மட்டும் குடிக்கிற தூணுக்கும்
குறையில்லை.
இடையில் ஒரு முழம்,
ஓதம் ஏறினால் நனைந்து
ஓதம் இறங்கினால் காய்ந்து
நாளுக்கு இரண்டு தடவை
தண்ணீரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு
உப்பை வைத்துக்கொள்கிற ஒரு முழம்.
கம்பி எந்த வழி போகிறதென்று
அங்கே வரைபடம் பார்க்க வேண்டாம்.
பழுப்பாக வெளியே எழுதியிருக்கிறது.

இரும்பாக இருந்தவரை
சொன்ன இடத்தில் கிடந்தது.
துருவுக்கு இடம் போதாது.
நெம்பியது. தூண் பருத்தது.
ஷட்டர் ஓடும் காடி இறுகியது.
பாவம், மாப்பிள்ளை முறுக்கிக்கொள்ளவில்லை,
நெரிபட்டு நிற்கிறார்.

துளைத்தெடுத்த கோரைப் பிளந்து
சில்வர் நைட்ரேட் தெளித்தேன்.
உப்பு வந்த தூரம் வரை வெள்ளை பூக்கும்.
"பால் ஊத்துற மாதிரி இருக்கே சார்," என்றார் வைரக்கண்ணு,
"யாருக்கு?"

ஸ்கேலை வைத்தேன்.
வெள்ளை முப்பதில் நின்றிருந்தது.
கம்பி பதினெட்டில்.
நாற்பதில் இருந்திருந்தால்
இன்னும் தூங்கிக்கொண்டிருக்கும்.

வரைபடத்தில் நாற்பதுதான்.

இருபத்தொன்பது வருஷம் முன்னால்
மேட்டூரை ஒரு வாரம் முந்தித் திறந்துவிட்டார்கள்.
டெல்டா முழுக்க விதைநெல்லை ஊறப்போட்டுக் காத்திருக்க
வராதே, இன்னும் நாலு நாள் வராதே என்று
வேண்டிக்கொண்டவன் நான் ஒருவன்தான்.
கல்லணை தாண்டிவிட்டது என்றது ஒயர்லெஸ்.
கவர் பிளாக் தீர்ந்துபோயிருந்தது.
மேஸ்திரி சவரிமுத்து
கம்பிக்கும் பலகைக்கும் நடுவே ஒரு ஜல்லியைச் செருகிவிட்டு
என்னைப் பார்த்தார்.
நான் ஆற்றைப் பார்த்தேன்.
மேஸ்திரிகளுக்கு அது உத்தரவு.

கலவை விழுந்தது.
எம்-புக்கில் எழுதினேன்: நாற்பது, சரிபார்க்கப்பட்டது.
அன்று இருபத்துநாலு வயதுக் கையெழுத்து
இப்போதையதைவிட அழகாக இருக்கும்.

உப்புக்கு எந்தத் தேதியும் இல்லை.
அதற்கு யாரும் ஒயர்லெஸ்ஸில் சொல்லவில்லை.
பதினெட்டு மில்லிமீட்டரை
பதினோரு வருஷம் நடந்திருக்கும்.
முழுசாக நாற்பது என்றால்
அது போய்ச் சேரும்போது
நான் இருந்திருக்க மாட்டேன்.

கரையில் ஒரு அம்மாள்,
கமலவேணி, பிரிஞ்சுமூலை,
கையில் பழைய கலர் பாட்டில்.
"எங்க வயத்தண்ணி. இதையும் பாத்துச் சொல்லுங்க."
மாப்பிள்ளையின் காலடியில் அந்த ஒரு சாண் வழியாக
கடல் அவர் நாற்றங்காலுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.
மூன்று சொட்டு விட்டேன்.
பாட்டில் முழுக்கப் பாலானது.
அவர் என்னைக் கேட்கவில்லை.
மூடியைத் திருகிக்கொண்டு
வரப்பில் இறங்கிவிட்டார்.

மறுநாள் ஆட்காட்டி விரல் கறுத்துவிட்டது.
அந்த மருந்து அப்படித்தான், படும்போது தெரியாது.
தலைஞாயிறு டீக்கடையில் சிரித்தார்கள்:
"எலெக்‌ஷன் முடிஞ்சிட்டா சார்? எங்களுக்குச் சொல்லவேயில்லை."
சீயக்காய் போட்டேன், எலுமிச்சை தேய்த்தேன்.

அறிக்கையில் 'காரணம்' என்றொரு கட்டம்.
கடல்நீர் என்று எழுதினால்
மேலே யாரும் மறுக்கப்போவதில்லை.
கடலும் மறுக்காது.
பதினெட்டு என்று எழுதினேன்.

அடுத்த கட்டம்,
கட்டுமானத்தின்போது பொறுப்பிலிருந்த அலுவலர்.
பேனா அந்த விரலில்தான் சாய்ந்திருக்கிறது.